வெட்டு எந்தப் பக்கம் சரிகிறது?

அத்தியாயம் 6: நாவல் அட்டைக்குப் புகைப்படம்

என் முதல் நாவலின் வெளியீடு கிள்ளானில் நடந்தது. மேடைக்குப் பின்னால் அட்டையைப் பத்தடி அகலத்துக்குப் பெரிதாக்கித் தொங்கவிட்டிருந்தோம். ஒரு பால்மரம் (ரப்பர் மரம்), அதில் ஒரு வெட்டு, கீழே பால் பிடிக்கும் மங்கு. கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் வந்தார். நாற்பது வருடம் பால் வெட்டியவர். புத்தகத்தைப் புரட்டாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி. ஆனா வெட்டு திரும்பியிருக்கே. இப்படி வெட்டினா கங்காணி சும்மா விடமாட்டாரே" என்றார்.

பால்மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக மேலேறாமல் சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன. இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு அதிகப் பால் வடியும். எங்கள் அட்டையில் வெட்டு வலமிருந்து இடமாக இறங்கியது. தலைப்புக்கு வலப்பக்கம் இடம் வேண்டுமென்று வடிவமைப்பாளர் படத்தை இடம்வலமாகத் திருப்பியிருந்தார். நானும் பார்த்துச் சரியென்று சொல்லியிருந்தேன். தோட்டத்தைப் பற்றி 240 பக்கம் எழுதியவன் கண்ணில் அது படவில்லை.

உங்கள் அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், கதை நடந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவர் பார்த்ததும் "இது இல்லையே" என்றால், உள்ளே எழுதியதையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். கருவுக்குப் பொருந்தும் படத்தைத் தேர்வது பாதி வேலை. அந்தப் படம் விவரத்தில் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. இரண்டையும் இந்த அத்தியாயம் வரிசைப்படி சொல்கிறது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

- திருத்தி முடித்த கைப்பிரதி. பாதி எழுதிய நாவலுக்கு அட்டை தேடாதீர்கள். முடிவு மாறினால் படமும் மாறும்.
- ஒரு பென்சில், ஒரு நோட்டு.
- 12 மெகாபிக்சல் அல்லது அதற்கு மேல் உள்ள கைப்பேசி. கேமரா இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.
- மூன்று வாரம். படத்துக்கு ஒரு வாரம், அனுமதிக்கு ஒரு வாரம், அச்சகத்தில் மாதிரி பார்க்க ஒரு வாரம்.

படி 1: கருவை வினைச்சொல்லோடு எழுதுங்கள்

"என் நாவல் தோட்டத் துண்டாடலைப் பற்றியது" என்றால் அது பொருள்தான், கரு ஆகாது. இந்த வரியை வைத்து யாரும் படம் எடுக்க முடியாது. யார், எதை, என்ன செய்கிறார் என்று எழுதுங்கள்.

1. ஒரு தாளில் ஒரே வாக்கியம். உதாரணமாக: "தோட்டம் விற்கப்பட்ட பிறகும் லயத்து வீட்டுச் சாவியைத் திருப்பித் தர ஒரு கிழவி மறுக்கிறாள்."
2. வினைச்சொல்லுக்குக் கீழே கோடிடுங்கள். இங்கே அது 'மறுக்கிறாள்'.
3. அந்த வினை எந்தப் பொருள்மேல் விழுகிறது என்று பாருங்கள். இங்கே சாவி.

அட்டைக்குரிய படம் பெரும்பாலும் அந்த மூன்றாவது வரியில்தான் இருக்கும். இந்த நாவலுக்கு விரிந்த தோட்டத்தின் படத்தைப் போட்டால் அது சுற்றுலாத் துண்டறிக்கை ஆகிவிடும். சுருங்கிய ஒரு கைக்குள் இருக்கும் சாவியைப் போட்டால், அது ஏன் இன்னும் அந்தக் கையில் இருக்கிறது என்று வாசகர் கேட்பார். அந்தக் கேள்விதான் அவரைப் புத்தகத்தைத் திறக்க வைக்கும்.

படி 2: பொருள் பட்டியல் போடுங்கள்

கைப்பிரதியை மீண்டும் ஒருமுறை, கதைக்காக இல்லாமல் பொருள்களுக்காக மட்டும் படியுங்கள்.

1. மூன்று முறைக்கு மேல் வரும் ஒவ்வொரு பொருளையும் நோட்டில் எழுதுங்கள்: காண்டா வாளி (பால் சுமக்கும் வாளி), மங்கு, மண்ணெண்ணெய் விளக்கு, பெரட்டு மணி (வேலைக்கு ஆள் கூட்டும் மணி), சிவப்பு அடையாள அட்டை என்று.
2. அது முதலில் வரும் பக்கத்தையும் கடைசியாக வரும் பக்கத்தையும் குறியுங்கள்.
3. இரண்டு இடத்திலும் அதன் அர்த்தம் ஒன்றேயானால் அடித்துவிடுங்கள். அது வெறும் அரங்கப் பொருள்.
4. அர்த்தம் மாறியிருந்தால் வட்டமிடுங்கள். தொடக்கத்தில் வேலையாக இருந்த வாளி, முடிவில் பூந்தொட்டியாகத் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் கிடக்கிறதா? அதை விடாதீர்கள்.
5. வட்டமிட்டவற்றில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: முடிவைக் காட்டிக்கொடுக்கும் பொருளைத் தவிர்க்கவும். கதாநாயகன் தண்டவாளத்தில் இறப்பதுதான் கடைசி அத்தியாயம் என்றால், தண்டவாளம் அட்டைக்கு வேண்டாம்.

இரண்டு அட்டைகளிலிருந்து ஒரு பாடம்

அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' 1997-இல் வந்தபோது அதன் அட்டையில் இருந்தது சஞ்சீவ் சைத் எடுத்த புகைப்படம். நீர்மேல் நெருங்கிப் படர்ந்த இலைகள், இடையே பூ. கதையில் ஆற்றில் ஒரு குழந்தை மூழ்கிப் போகிறது. சொல்லக் கூடாதவை பல, குடும்பத்தின் மேற்பரப்புக்குக் கீழே கிடக்கின்றன. அட்டையில் குழந்தையும் இல்லை, ஆறும் இல்லை. நீரை மறைக்கும் இலைகள் மட்டும். நாவலைப் படித்து முடித்துவிட்டுத் திரும்பப் பார்த்தால்தான் அந்த இலைகளுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று உறைக்கும்.

2017-இல் வந்த அவருடைய அடுத்த நாவல் 'தி மினிஸ்ட்ரி ஆஃப் அட்மோஸ்ட் ஹேப்பினஸ்'. அதன் அட்டைப் படத்தை எடுத்தவர் டில்லியைத் தெருத் தெருவாகப் பதிவு செய்துவரும் மயங்க் ஆஸ்டன் சூஃபி. பழைய பளிங்குக் கல்லறை, அதன்மேல் ஒரு வாடிய ரோஜா. முதன்மைப் பாத்திரமான அஞ்சும் கல்லறைத் தோட்டத்தில் குடியேறி அங்கேயே வாழ்வை அமைத்துக்கொள்கிறாள். அவள் முகத்துக்கு ஒரு மாடலைத் தேடாமல், அவள் வாழும் தரையைக் காட்டினார்கள். அஞ்சுமின் முகம் எப்படி என்பதை ஒவ்வொரு வாசகரும் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

தமிழில் மாத நாவல்கள் பல காலம் இதற்கு நேரெதிராகப் போயின. எந்தக் கதையானாலும் அட்டையில் ஒரு பெண் முகம். கடை வாசலில் தொங்கும்போது அது விற்றது, உண்மை. ஆனால் உள்ளே எந்தக் கதை இருக்கிறதென்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

படி 3: படம் எங்கிருந்து வரும்?

மூன்று வழிகள் உண்டு. இந்த வரிசையிலேயே முயலுங்கள்.

(அ) நீங்களே எடுப்பது

ஷா ஆலமில் இருந்துகொண்டு தோட்டத்து நாவலுக்குப் படம் எடுப்பது விசித்திரமான வேலை. இந்த ஊரே தோட்டமாக இருந்தது. சுங்கை ரெங்கம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம், 1978 டிசம்பர் 7-இல் சிலாங்கூரின் தலைநகரானது. 2000 அக்டோபர் 10-இல் மாநகரானது. இன்று இருப்பது எண்ணிட்ட செக்‌ஷன்களும் தொழிற்சாலைகளும் நீலப் பள்ளிவாசலும். சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை நிலமாக இருந்த பரப்பு, இப்போது க்வாசா டமன்சாரா என்ற புதுநகராக வளர்ந்துகொண்டிருக்கிறது.

அதனால் இங்கே தோட்டத்தைத் தேடாதீர்கள், அது விட்டுப்போன தடத்தைத் தேடுங்கள். மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஹைக்கோம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஈபோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகள் ஷா ஆலமில் இருக்கின்றன. பெயரில் 'லாடாங்' (தோட்டம்) இருக்கிறது, வெளியே தோட்டம் இல்லை. இழப்பைப் பற்றிய நாவலுக்கு, பின்னால் அடுக்குமாடி தெரிய நிற்கும் அப்படியொரு பெயர்ப்பலகை, கடன் வாங்கிய நூறு ரப்பர் மரங்களைவிட அதிகம் பேசும்.

உண்மையான பால்மரம்தான் வேண்டுமென்றால் நெகிரி செம்பிலான் பக்கம் சிறுதோட்டக்காரர்களிடம் போங்கள். அங்கே:

1. முன்னாள் மாலையே போய் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள்.
2. விடியுமுன் போய்ச் சேருங்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெட்டுவதும் அப்போதுதான். இங்கே சூரியன் காலை 7 மணியை ஒட்டித்தான் எழும். அதற்கு முன்னும் பின்னும் அரைமணி நேரம் கிடைக்கும் வெளிச்சம்தான் உங்களுடையது.
3. நண்பகலில் எடுத்த 'பால் வெட்டும் காட்சி'யைப் பயன்படுத்தாதீர்கள். தலைக்கு நேர் மேலே வெயில் அடிக்கும்போது மரம் வெட்டிக்கொண்டிருப்பவர், கேமராவுக்காக வெட்டுகிறார் என்று தோட்டத்துக்காரருக்குத் தெரிந்துவிடும்.
4. கைப்பேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். காலால் நடந்து கிட்டே போங்கள். இழுத்துப் பெரிதாக்கிய படம் அச்சில் மங்கும்.
5. ஒரே பொருளை நிமிர்த்தியும் படுக்கையாகவும் எடுங்கள். மேலே அல்லது ஓரமாக மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக விடுங்கள். தலைப்பு அங்கே உட்காரும். இதைச் செய்திருந்தால் என் வடிவமைப்பாளர் படத்தைத் திருப்பியிருக்க வேண்டியதே இல்லை.

நகரத்து நாவல் என்றால் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவும் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனும் உடனே நினைவுக்கு வரும். எல்லாருக்கும் அதேதான் நினைவுக்கு வரும் என்பதுதான் சிக்கல். தோரண வளைவையும் பூமாலைக் கடையையும் விட்டுவிட்டு, உங்கள் பாத்திரம் அந்தத் தெருவில் எங்கே நிற்பார் என்று கேளுங்கள். பூக்கட்டுபவர் கதையானால் கடையின் முகப்பை விடுங்கள். இரவு பத்து மணிக்குக் கூட்டி ஒதுக்கிய காம்புக் குவியலை எடுங்கள்.

(ஆ) குடும்ப ஆல்பம்

ஸ்டூடியோவில் விறைத்து நிற்கும் தாத்தா, பாட்டி. இத்தகைய படத்துக்கு ஈடே இல்லை. ஆனால்:

1. சட்டகத்தோடு கைப்பேசியில் எடுக்காதீர்கள், கண்ணாடி மினுங்கும். படத்தை வெளியே எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும்.
2. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதை மட்டும் அப்படியே, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள்.
3. கறையையும் கீறலையும் முழுவதும் துடைக்காதீர்கள். முகத்தின் குறுக்கே போவதை மட்டும் நீக்குங்கள். மற்றவை அந்தப் படத்தின் வயது.
4. கறுப்பு வெள்ளைக்குக் கணினியில் வண்ணம் ஏற்றாதீர்கள். பாட்டியின் சேலை என்ன நிறம் என்று உங்களுக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது.

(இ) ஆவணக் காப்பகமும் படக் களஞ்சியமும்

வரலாற்று நாவலுக்கு இது தவிர்க்க முடியாதது. அதிகம் வழுக்குவதும் இங்கேதான்.

சயாம் மரண ரயில்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று நம் நாவல்கள் திரும்பத் திரும்பப் போகும் களம் அது. 1942-43 போர்க்காலத்தில் சுமார் 415 கிலோமீட்டர் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளமானோர் அங்கே மடிந்தனர். இணையத்தில் தேடினால் முதலில் வரிசையாக வருவது நேசப்படைக் கைதிகளின் படங்கள். அவசரத்தில் எடுத்துப் போட்டால், தமிழ்த் தொழிலாளியின் கதைக்கு மேல் ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய் நிற்பார். எழுத வந்ததே அந்தத் தமிழர்கள் மறக்கப்பட்டார்கள் என்பதைத்தான். அட்டையே அவர்களை இன்னொரு முறை மறந்துவிடும்.

இன்னொரு பொறி, அந்தப் பாதையின் பாலம். மூங்கிலும் மரமுமாக உயர்ந்து நிற்கும் பாலத்தின் படம் கிடைத்தால் நில்லுங்கள். அது 1957-இல் வந்த ஆங்கிலப் படத்துக்காக இலங்கையின் கித்துல்கலையில் கட்டிய பாலமாக இருக்கக்கூடும். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்றும் நிற்பது இரும்புப் பாலம். அதிலும் வளைந்த வில் போன்ற பகுதிகள்தான் போர்க்காலத்தவை. நடுவே கோணமாக நிற்பவை போருக்குப் பின் மாற்றியவை. 1943-இல் நடக்கும் கதைக்கு எந்தப் பகுதியைச் சட்டகத்துக்குள் வைக்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

படி 4: விவரச் சோதனை

வடிவமைப்பாளரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை, அவர் திருப்பித் தந்த பின் ஒரு முறை, இந்தப் பட்டியலை ஓட்டுங்கள்.

1. படம் திரும்பியிருக்கிறதா? பால்மரத்தின் வெட்டு இடமிருந்து வலமாக இறங்க வேண்டும். சேலை முந்தானை இடத் தோளில். ஆண்கள் சட்டைப்பை இடப்பக்கம். பின்னணியில் கடைப் பலகை இருந்தால் எழுத்து நேராக இருக்கிறதா?
2. எந்தத் தோட்டம்? 'தோட்டம்' என்று படக் களஞ்சியத்தில் தேடினால் மூணாறும் நுவரெலியாவும் வந்து நிற்கும். அது தேயிலை. ரப்பர் நாவலுக்குத் தேயிலை மலையைப் போட்ட அட்டையை நானே பார்த்திருக்கிறேன்.
3. ரப்பரா, செம்பனையா? 1940-களில் நடக்கும் ரப்பர் தோட்டத்துக் கதைக்குப் பின்னால் செம்பனை வரிசை தெரியக் கூடாது.
4. எந்த நாட்டு ரப்பர்? மரத்தின் இடுப்பில் பாவாடைபோல் பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டியிருந்தால் அது பெரும்பாலும் கேரளத்துப் படம்.
5. காலத்துக்கு முரணான பொருள்: கூரையில் தட்டு ஆண்டெனா, மின்கம்பம், பிளாஸ்டிக் வாளி, மோட்டார் சைக்கிள் பதிவெண்.
6. செயற்கை நுண்ணறிவு வரைந்த 'புகைப்படம்': மரம் இருக்கும், வெட்டு ஏணிபோல் ஏறும், மங்கு காற்றில் தொங்கும். பலகையில் தமிழ் என்ற பெயரில் ஏதோ சுருள்கள் இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர் கண்ணில் இது ஒரு நொடியும் தாங்காது.

படி 5: அனுமதியும் உரிமையும்

நூலைப் படிக்காதவர்களும் அட்டையைப் பார்ப்பார்கள். தகராறு அங்கேயே தொடங்கலாம். 2025-இல் வந்த அருந்ததி ராயின் நினைவுக்குறிப்பு நூலின் அட்டையில் அவர் பீடி புகைக்கும் படம் இருந்தது. எச்சரிக்கை வாசகம் இல்லையென்று கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பின்னட்டையில் பதிப்பாளர் ஏற்கெனவே ஒரு விளக்கம் அச்சிட்டிருந்தார். நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பதிப்பகத்துக்கு வழக்கறிஞர்கள் இருப்பார்கள். சொந்தக் காசில் 500 படி அச்சடிக்கும் நமக்கு, முன்கூட்டியே வாங்கிய தாள்தான் வழக்கறிஞர்.

1. எடுத்தவரின் அனுமதி. ஏற்கெனவே எடுத்த படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருடையது. நீங்கள் சொல்லி, காசு கொடுத்து எடுக்கவைத்த படமானால், மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை உங்களுக்கு மாறியதாகக் கொள்ளப்படும். இருந்தாலும் எழுதி வாங்குங்கள். எந்த நூல், எந்தப் பதிப்பு, மின்னூலும் சேருமா, வெளியீட்டுப் பதாகையில் போடலாமா என்று தனித்தனியாக எழுதுங்கள்.
2. படத்தில் இருப்பவரின் அனுமதி. அடையாளம் தெரியும் முகம் என்றால் அவருக்குப் புரியும் மொழியில், கதை எதைப் பற்றியது என்று சொல்லி, கையெழுத்து வாங்குங்கள். குடியைப் பற்றிய நாவலின் அட்டையில் ஓர் உண்மையான மனிதரின் முகத்தைப் போட்டால், ஊர் அவரையே குடிகாரர் என்று படிக்கும். அப்படிப்பட்ட கருவுக்கு முகமே வேண்டாம். கை, முதுகு, நிழல், காலியான நாற்காலி போதும்.
3. குழந்தைகள். தவிர்த்துவிடுங்கள். பள்ளிப் பெயர்ப்பலகையை விடுமுறை நாளில், பள்ளி அலுவலகத்தில் சொல்லிவிட்டு எடுங்கள்.
4. குடும்பப் படம். படத்தாள் உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதால் எல்லாருக்கும் சம்மதம் என்று ஆகாது. படத்தில் இருப்பவரின் பிள்ளைகளிடம் கேளுங்கள். பெரியம்மா வீட்டில் சொல்லாமல் போட்ட படத்தால் வெளியீட்டு நாளில் வெடிக்கும் சண்டையை எந்தச் சட்டமும் தீர்க்காது.
5. பெயர் போடுதல். உரிமைப் பக்கத்தில் 'அட்டைப் படம்' என்று எடுத்தவர் பெயரை அச்சிடுங்கள். அதே பக்கத்தில் அச்சகத்தாரின், பதிப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1984 அச்சகங்கள், பதிப்புகள் சட்டத்தின் விதி.

பாதுகாப்பு: படம் எடுக்கப் போகும்போது

- செம்பனைத் தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். அறுவடை நடக்கும் வரிசையில் மரத்தடியில் நிற்காதீர்கள். ஒரு குலை 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரை இருக்கும். வெட்டிக் குவித்த மட்டைக்குள் பாம்பு இருக்கும், மட்டையின் முள் செருப்பைத் துளைக்கும். கணுக்காலை மூடிய காலணி கட்டாயம்.
- ரயில் தடம் வேண்டவே வேண்டாம். கிள்ளான், ஷா ஆலம், பத்து தீகா வழியாக ஓடும் கொமுட்டர் பாதையின் மேற்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. மேம்பாலத்தில் நின்று உலோகக் கழியை நீட்டி எடுப்பதும் ஆபத்து. நிலைய நடைமேடையில், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று எடுங்கள்.
- 'கவாசான் லாராங்கான்' (தடைசெய்யப்பட்ட பகுதி) என்ற சிவப்புப் பலகை இருக்கும் இடத்தில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.
- ட்ரோன் பறக்கவிட நினைத்தால் முதலில் அனுமதியை விசாரியுங்கள். சுபாங் விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது.
- பிற்பகல் இடிமழை. மூன்று மணிக்கு மேல் வெட்டவெளியில் முக்காலியோடு நிற்காதீர்கள்.
- தனியாகப் போகாதீர்கள். விடியுமுன் தோட்டத்துக்குள் போகும்போது ஒருவர் துணைக்கு இருக்கட்டும், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 6: கோப்பு தயாரித்தல்

ஏ5 அளவு நூலுக்கு (148 × 210 மி.மீ) கணக்கு இது:

1. முதுகு அகலம்: 80 கிராம் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ தடிமன். 240 பக்கம் என்றால் 120 தாள், முதுகு சுமார் 12 மி.மீ. கடைசி எண்ணை அச்சகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
2. முழு அட்டை: முன் 148, பின் 148, முதுகு 12, இரு ஓரமும் வெட்டுக்கு 3 மி.மீ வீதம் 6. மொத்தம் 314 மி.மீ அகலம். உயரம் 216 மி.மீ.
3. தேவையான படம்: அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால், முன்னட்டைக்கு மட்டும் ஏறத்தாழ 1,790 × 2,560. முன்னும் பின்னும் சுற்றி வரும் படத்துக்கு 3,710 × 2,560. கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படம் 4,000 × 3,000, அதுவே போதும்.
4. அனுப்பும் முறை: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அது ஏ5 உயரத்துக்கே போதாது. 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.
5. நிறம்: திரையில் எரியும் நீலமும் பச்சையும் அச்சில் அடங்கிவிடும். ஷா ஆலம் ஐ-சிட்டியின் வண்ண விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் கைப்பேசியில் ஜொலிக்கும், அச்சில் சோர்ந்து கிடக்கும். மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் கொஞ்சம் இருளும். நிழல் பகுதிகளைச் சற்று வெளுத்துக் கொடுங்கள்.

தமிழ் எழுத்து: தனிக் கவனம்

இங்கே அச்சக வடிவமைப்பாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருப்பது சாதாரணம். அவர் மேல் குறையில்லை. சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

- பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறும். 'கொ', 'யோ', 'ணை' போன்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். முதுகில் இருக்கும் தலைப்பையும் பாருங்கள். யாரும் பார்க்காத இடம் அது.
- மேல்விசிறியும் கீழ்ச்சுழியும் மோதாதபடி இரண்டு வரிக்கு நடுவே இடம் விடச் சொல்லுங்கள்.
- படத்தின் பரபரப்பான பகுதிமேல் தலைப்பை ஏற்றிவிட்டு, படிக்க முடியவில்லையென்று எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடாதீர்கள். எழுத்தை நகர்த்துங்கள்.
- சரிபார்த்த பிறகு எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது.

படி 7: இரண்டு அளவில் சோதியுங்கள்

நம் நூல்கள் கடை அலமாரியில் விற்பதைவிட வெளியீட்டு மண்டபத்திலும் வாட்ஸ்அப் அழைப்பிதழிலும்தான் அதிகம் விற்கின்றன. எனவே:

1. அட்டையைக் கைப்பேசியில் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். பொருள் என்னவென்று தெரிகிறதா? தலைப்பு படிக்கிறதா?
2. சுவரில் புரொஜெக்டரில் பெரிதாக்குங்கள். பதாகையில் வரப்போகும் குறைகள் இப்போதே தெரியும். அந்தத் திரும்பிய வெட்டை நான் இங்கேயே பிடித்திருக்கலாம்.
3. அச்சகத்தில், அதே அட்டைத்தாளில், ஒரு மாதிரிப் படி எடுக்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள்.

அச்சுக்கு அனுப்புமுன்

☐ கருவின் வினைச்சொல் விழும் பொருள்தானே அட்டையில் இருக்கிறது?
☐ முடிவைக் காட்டிக்கொடுக்கவில்லையே?
☐ படம் திரும்பவில்லையே?
☐ காலம், இடம், மரம் மூன்றும் சரியா?
☐ எடுத்தவர், இருப்பவர் இருவரின் தாளும் கோப்பில் இருக்கிறதா?
☐ முன், பின், முதுகு மூன்றிலும் தமிழ் உடையாமல் இருக்கிறதா?
☐ தேசிய நூலகத்திலிருந்து வாங்கிய ஐ.எஸ்.பி.என் எண்ணும் கோட்டுக்குறியும் பின்னட்டைப் படத்தின் முக்கியப் பகுதியை மறைக்கவில்லையே?

கடைசியாக ஒன்று. மாதிரிப் படியை எடுத்துக்கொண்டு, உங்கள் கதை நடக்கும் வாழ்க்கையை வாழ்ந்த ஒருவர் வீட்டுக்குப் போங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடியுங்கள். அவர் அட்டையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு படி 4-க்குத் திரும்புங்கள். இரண்டாம் பதிப்பின் மாதிரியை நான் அந்தப் பெரியவரிடம்தான் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார், அட்டையை ஒரு நிமிடம் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முதல் பக்கத்தைத் திருப்பினார். அன்றைக்கே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.